முன்னால் முப்பத்து மூன்று

எய்ல்சாவும் லாக்கியும் பிரிந்தபோது எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் பங்கு போட்டுவிட்டார்கள். வீடு விற்றாயிற்று. நாய் அவளோடு போயிற்று. படகு அவனுக்கு. மிஞ்சியது கார் ஒன்றுதான். பதினைந்து வருடப் பழசான நீல நிறச் சின்ன சுசூகி. சந்தைக்குக் கொண்டுபோனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எங்கள் கிளப்பின் ஆட்டோகிராஸ் பந்தயத்தில் ஆறு வருடமாக இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டியது அந்தக் காரைத்தான். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று இருவருமே பிடிவாதமாக நின்றார்கள்.

யோசனை சொன்னது லாக்கி. நான் நேரம் குறிக்கிற கேரவனின் படியில் உட்கார்ந்துகொண்டு, பாதி தின்ற சாசேஜ் ரொட்டியைக் கையில் வைத்தபடி சொன்னான்.

“இங்க பாரு எய்ல்சா, சண்டையே வேணாம். நவம்பர்ல கடைசி ரவுண்டு வருதுல்ல? அன்னிக்கு யாரோட டைம் கம்மியோ, கார் அவங்களுக்கு. தோத்தவங்க அதை ஏத்திட்டு வர்ற டிரெய்லரை எடுத்துக்கலாம். யோவ் மெர்வ், நீதான் சாட்சி.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவைகூட எய்ல்சா அவனைவிட வேகமாக ஓட்டியதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்போதும் ஒன்றரை விநாடி பின்னால்தான் இருப்பாள். எங்கள் பந்தயத்தில் ஒன்றரை விநாடி என்பது பெரிய தூரம். கோர் ஊருக்கு வெளியே பழைய கம்பளிக் கிடங்கின் தார்போட்ட முற்றத்தில் ஆரஞ்சுக் கோன்களை வைத்துப் பாதை போடுவோம். ஒரு தடவைக்கு ஒரு கார். போய்ச் சுற்றி வளைந்து திரும்பி வர முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். கோன் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். ஆளுக்கு நாலு ஓட்டம், அதில் சிறந்தது கணக்கு.

ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்து மூடுகிற நேரம்தான் எய்ல்சா யோசித்தாள். “சரி” என்றாள்.

அவன் போனபிறகு கேட்டேன். “எதுக்கு ஒத்துக்கிட்ட?”

“வேற எந்த வழியிலயும் அவன் காரைத் தர மாட்டான் மெர்வ். இதுல எனக்குன்னு பொடி அளவாவது வாய்ப்பு இருக்கு.”

பொடி அளவும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

லாக்கி வேலி போடுகிறவன். நூற்றுப் பத்து கிலோ ஆள். மரக்கம்பத்தை மண்ணில் அறைகிற மாதிரியே காரையும் வளைவுக்குள் அறைவான். பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர் எல்லாமே ஒரே அடி. எய்ல்சா கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். ஐம்பத்தைந்து கிலோ தேறினால் அதிகம். பயந்த ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடிப்பாள்.

டயருக்குக் காற்று எவ்வளவு என்பதில் கிளப்பில் லாக்கிதான் பெரிய ஆள். முன்னால் நாற்பத்திரண்டு பவுண்டு, பின்னால் முப்பத்தெட்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம் போய் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வருவார்கள். காலையில் அவனே காற்றடிப்பான், அவனே முதலில் ஓட்டுவான். பிறகு எய்ல்சா ஏறி, கிடைத்த காற்றில் ஓட்டுவாள். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை, அவள் உட்பட.

மே மாத ரவுண்டுக்கு முந்தின வாரம் லாக்கிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஈரக் கம்பம் ஒன்றைத் தனியாகத் தூக்கியிருக்கிறான். படுக்கையை விட்டு எழ முடியவில்லை. எய்ல்சா தனியாக வந்தாள். வழக்கமான நாற்பத்திரண்டை அடித்துக்கொண்டு நாலு ஓட்டமும் ஓட்டினாள். சின்னக் கார் வகுப்பில் கடைசி.

மற்றவர்கள் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கேரவனின் ஜன்னலைத் தட்டினாள்.

“கொஞ்சம் வந்து ஒண்ணு பாரேன்.”

முன் டயரைக் காட்டினாள். தரையைத் தொடும் பகுதி முடிந்து பக்கச் சுவர் தொடங்குகிற ஓரத்தில் நாங்கள் சாக்பீஸால் கோடு இழுத்துவிடுவது வழக்கம். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு எதுவரை தேய்ந்திருக்கிறது என்று தெரியும். சுவரின் மேலேயும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடங்கிப் படுக்கிறது. ஓரம் தேயாமல் நின்றால் காற்று அதிகம், டயர் முழுசாகத் தரையில் உட்காரவில்லை. எய்ல்சாவின் டயரில் இரண்டு விரல் அகலத்துக்கு சாக்பீஸ் போட்டது போட்டபடி வெள்ளை வெளேர் என்று நின்றது.

“இது எப்பவும் சரியா ஓரம் வரைக்கும் தேஞ்சிருக்குமே” என்றாள்.

“லாக்கி ஓட்டினப்புறம் பாத்திருப்ப. அவன் தேய்ச்ச கோட்டை உன் கோடுன்னு நினைச்சிருப்ப.”

அவள் குந்தி உட்கார்ந்தபடியே டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்லச் சிவந்தது.

“நாப்பது கிலோ நாய்க்குப் போடற மருந்தை நாலு கிலோ பூனைக்குப் போட்டா என் வேலை அன்னிக்கே போயிடும் மெர்வ். இங்க ஆறு வருஷமா அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்திருக்கேன். கேனச்சி மாதிரி.” எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். “முற்றத்துச் சாவி உன்கிட்டதானே இருக்கு? சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்ப?”

அப்படித்தான் ஆரம்பித்தது. கார் ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் அவளிடம் என்று ஏற்பாடு. அவளுடைய வாரத்துச் சனிக்கிழமைகளில் நான் ஏழு கோன் வைப்பேன், ஸ்டாப் வாட்சோடு ஓரமாக நிற்பேன். எங்கள் பக்கம் ஜூன்தான் குளிர்காலம். ஹொக்கனூயிக் குன்றுகளின் தலையில் பனி. அவள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இறங்கி, கையுறையைக் கழற்றி, டயர் வாயில் காற்றளக்கும் கேஜை வைத்து, இரண்டு பவுண்டு இறக்கி, மறுபடி ஏறுவாள்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் ஒரு பயனும் இல்லை. நேரம் ஏறும், இறங்கும், காரணம் புரியாது. இரண்டாவது வாரம் பின் டயரில் நாற்பது வைத்துப் பார்த்தாள். கார் வாலைச் சுழற்றி முழு வட்டம் அடித்து, ஈரப் புல்லில் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போய் வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நான் ஓடினேன். கண்ணாடியை இறக்கினாள். உதடு வெளுத்திருந்தது.

“போதும், வீட்டுக்குப் போ” என்றேன்.

“இன்னும் ஒண்ணு” என்றாள்.

பானியா வந்து சேர்ந்தது மூன்றாவது வாரம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பந்தயத்தில் கார்களைச் சோதித்து வரிசையில் விடுவது அவள் பொறுப்பு. அதே சின்னக் கார் வகுப்பில் அவளும் ஓட்டுகிறாள், பெரும்பாலும் ஜெயிக்கிறாள். அரைமணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

“ஏண்டி, காத்தை எப்ப அளக்கற?”

“காலையில, கிளம்பும்போது. அப்புறம் ரெண்டு ரெண்டா இறக்கறேன்.”

“அப்போ நீ இறக்கற ரெண்டை டயர் தானாவே ஏத்திக்குது. சூடானா நாலு பவுண்டு ஏறும். அது தெரியாம இங்க உக்காந்து கூட்டல் கழித்தல் போட்டுக்கிட்டிருக்கியா? அதுவும் முன்னாலயும் பின்னாலயும் ஒரே நேரத்துல மாத்தற. எது வேலை செஞ்சுதுன்னு யாரைக் கேப்ப? இந்த மெர்வையா?”

எய்ல்சா கோபப்படவில்லை. அன்றிலிருந்து ஓட்டி வந்து நின்ற உடனே, சூட்டோடு அளந்தாள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி டயரை மட்டும் மாற்றினாள். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்து நாலு. ஜூலைக் கடைசியில், முன்னால் சூடாக முப்பத்து மூன்றில், சாக்பீஸ் சரியாக ஓரம்வரை தேய்ந்து நின்றது. முப்பத்தொன்றுக்கு இறக்கியதும் சுவர்மேல் ஏறித் தேய்ந்தது, வண்டி சோம்பேறியாயிற்று. திரும்ப முப்பத்து மூன்று. பின்னால் முப்பத்தாறு வைத்தால் வால் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்ந்து மூக்கைத் திருப்பிவிட்டது, ஆனால் சுழலவில்லை. அன்றைக்கு அதே ஏழு கோனைச் சுற்றி ஐந்து தடவை ஓட்டினாள். ஐந்து நேரமும் ஒன்றுக்கொன்று கால் விநாடிக்குள் வந்தன.

ஆகஸ்ட் ரவுண்டில் லாக்கி திரும்பி வந்தான். அவன் ஓட்டிவிட்டு இறங்கியதும் எய்ல்சா டயர் பக்கத்தில் மண்டியிட்டு உஸ்ஸென்று காற்றை இறக்குவதைப் பார்த்தான்.

“என்ன பண்ற?”

“எனக்கு அதிகமா இருக்கு.”

“மெதுவா ஓட்டறவங்க எல்லாருமே காத்தைத்தான் குத்தம் சொல்வாங்க.” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “அப்புறம் எனக்கு யார் அடிக்கறது?”

“இனிமே நான் முதல்ல ஓட்டறேன். எனக்கு வேண்டாததை நான் இறக்கிக்கறேன். உனக்கு வேணுங்கறதை நீ அடிச்சுக்கோ.”

ஒரே காரை இரண்டு பேர் ஓட்டினால் ஆள் மாற எங்கள் விதிப்படி நாலு நிமிடம் உண்டு. அவனுடைய சின்ன கம்ப்ரசருக்கு அது தாராளம். தோளைக் குலுக்கிவிட்டு ஒத்துக்கொண்டான். ஆகஸ்டில் இடைவெளி தொண்ணூறு சத விநாடி ஆனது, ஒரு முழு விநாடிகூட இல்லை. செப்டம்பரில் அறுபது. அக்டோபரில் லாக்கி சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

நவம்பர் ரவுண்டு அன்று வெயில் இருந்தது, சூடான வடமேற்குக் காற்றும் இருந்தது. தார் சூடாகிக்கொண்டே போயிற்று. எய்ல்சா ஒரு தண்ணீர்த் தெளிப்பானைக் கொண்டுவந்திருந்தாள், செடிக்கு அடிக்கிற மாதிரியானது. ஓட்டத்துக்கு முன் டயர்மேல் தெளித்துக் குளிரவைத்து, அளந்து, முப்பத்து மூன்றுக்குக் கொண்டுவந்து ஏறுவாள். அவள் வந்து நின்றதும் லாக்கி கம்ப்ரசரை மாட்டுவான்.

முதல் ஓட்டம்: அவள் 49.31, அவன் 48.52. இரண்டாவது: அவள் 48.40, அவன் 47.98. மூன்றாவதில் அவள் 47.90 ஓட்டினாள், ஆனால் கடைசி வளைவில் ஒரு கோன் அவளுடைய பின்சக்கரத்தில் பட்டு உருண்டது. இரண்டு விநாடி அபராதம், அந்த ஓட்டம் வீண். லாக்கி தன் மூன்றாவதில் 47.71.

அந்த மூன்றாவது ஓட்டத்துக்குக் காற்றடிக்கும்போதே கம்ப்ரசரிலிருந்து கருகல் வாசனை வந்தது. இரண்டாவது டயர் நாற்பத்திரண்டைத் தொட்டதும் புகைவிட்டு நின்றுபோயிற்று. ஓட்டிவிட்டு வந்து மறுபடி சுவிட்சைத் தட்டிப் பார்த்தான். சத்தமே இல்லை. இதற்குள் எய்ல்சா கேஜோடு முன் டயரருகே உட்கார்ந்துவிட்டாள்.

“இறக்காத” என்றான் லாக்கி. “கம்ப்ரசர் செத்துப்போச்சு. நீ இறக்கினா என்னால ஏத்த முடியாது.”

அவள் கை நின்றது.

“ரெண்டு பேருக்கும் பொதுவா முப்பத்தெட்டு வச்சுக்கலாம். அதான் நியாயம்.”

“ஆறு வருஷம் உன் காத்துல ஓட்டினேனே, அப்போ பொது எங்க போச்சு?”

“யோவ் மெர்வ், நீ சொல்லுய்யா!”

ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். “விதியில எதுவும் இல்ல லாக்கி. ஓட்டறவங்க இஷ்டம்.”

எய்ல்சா ஒரு மூச்சு தயங்கினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வால்வை அழுத்தினாள். காற்று உஸ்ஸென்று வெளியேறியது. இறக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், வரிசையில் நின்ற பானியாவைக் கூப்பிட்டாள்.

“பானியா! உன் வண்டியில கால் பம்பு இருக்கும்ல? இவனுக்குக் குடு.”

“எனக்கு உன் தயவு வேணாம்” என்றான் லாக்கி.

“தயவு இல்லடா. நாளைக்கு நீ ஊர் பூரா, எனக்குக் காத்து இல்லாம பண்ணிட்டா, அதான் தோத்தேன்னு சொல்லக் கூடாது. அதுக்குத்தான்.”

இரண்டாவது டயரையும் முடித்து, தண்ணீர் தெளித்து, கேஜை மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்து, ஏறினாள். அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதல் வளைவில் மூக்கு கோனுக்கு ஒரு சாண் இடைவெளியில் உள்ளே போயிற்று. டயர் கத்தவில்லை, முனகியது. வளைந்து வளைந்து போகிற வரிசையில் வால் ஒவ்வொரு கோனுக்கும் கொஞ்சம் நகர்ந்து, தானே நேரானது. கடைசி வளைவில், முன்பு தட்டின அதே கோனுக்குப் பக்கத்தில், அவள் ஆக்ஸிலரேட்டரை விடவே இல்லை. கோன் அப்படியே நின்றது. என் திரையில் 47.58.

பலகையில் எழுதினேன். கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. எய்ல்சா பலகையைப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி நேராக முன் டயருக்குப் போனாள். லாக்கி கால் பம்போடு நின்றான். குழாயை வாங்கி வால்வில் மாட்டினாள்.

“மிதி” என்றாள்.

அவன் மிதித்தான். நூற்றுப் பத்து கிலோவும் அந்தச் சின்ன பம்பின்மேல் ஏறி இறங்கியது. அவள் பம்பின் முள்ளைப் பார்த்துக்கொண்டு எண் சொன்னாள். “முப்பத்தாறு. முப்பத்தெட்டு. நிறுத்தாத.” அவனுக்கு வியர்வை ஊற்றியது. “நாப்பது. இன்னும். நாப்பத்திரண்டு. போதும்.” குழாயைப் பிடுங்கி அந்தப் பக்கத்து டயருக்கு ஓடினாள்.

“ரெண்டு நிமிஷம்!” என்று கத்தினாள் பானியா.

“இடுப்பு வலிக்குதா?” என்று எய்ல்சா கேட்டது எனக்குக் கேட்டது.

“வாயை மூடிட்டு நம்பரைச் சொல்லு.”

“முப்பத்தேழு.”

நாலு நிமிடம் முடிய இருபது விநாடி இருக்கும்போது இரண்டாவது டயரும் நாற்பத்திரண்டைத் தொட்டது. பின் டயர்களிலும் தனக்கு வேண்டிய முப்பத்தெட்டை அடிக்க நேரம் இல்லை. “முப்பத்தாறே போதும், வித்தியாசம் தெரியாது” என்று அவனே சொல்லிவிட்டு உள்ளே விழுந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே கிளம்பினான்.

நன்றாகத்தான் ஓட்டினான். அதை நான் சொல்லியாக வேண்டும். எங்கேயும் தவறவில்லை. முன் சக்கரங்கள் கத்த, வழக்கம்போல வண்டியை அறைந்து அறைந்து திருப்பிக்கொண்டு வந்தான். 47.63.

வண்டியை நிறுத்தி இறங்கிப் பலகையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கேரவனுக்கு வந்தான்.

“அவ கோன் ஏதாவது தட்டினாளா?”

“இல்ல.”

“நான்?”

“நீயும் இல்ல லாக்கி. ரெண்டுமே சுத்தம்.”

தலையை ஆட்டினான். ஐந்து சத விநாடி. கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. எய்ல்சா அப்போதுதான் பலகையைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். பானியா ஓடிவந்து அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். “நான் 46.8 ஓட்டியிருக்கேன்டி, என்னை ஒருத்தரும் கண்டுக்கல!” என்று சிரித்தாள். உண்மைதான், அன்றைக்கு வகுப்பில் முதல் இடம் பானியாவுக்கு. யாருக்கும் அது ஞாபகமே இல்லை.

லாக்கி தன் சாவிக்கொத்திலிருந்து கார் சாவியைக் கழற்றினான். வளையம் இறுகியிருந்தது, நகத்தால் நெம்பி எடுக்கக் கொஞ்ச நேரமானது. அவள் கையில் வைத்தான்.

“என்ன நம்பர்?” என்று கேட்டான்.

“முன்னால முப்பத்து மூணு. பின்னால முப்பத்தாறு. எல்லாம் சூட்டோட.”

“எனக்கு அது ஆகாது.”

“ஆகாது. உனக்கு நாப்பத்திரண்டுதான் சரி. நான் அதை ஒருநாளும் தப்புன்னு சொல்லலயே.”

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். “பேரை இப்பவே மாத்திடலாம். வீட்டுக்குப் போனா மனசு மாறிடும்” என்றான். கேரவன் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் போனிலேயே பெயர் மாற்றத்தை முடித்தார்கள். அவனுக்கு அவனுடைய ஓட்டுநர் உரிம எண் நினைவில் இல்லை. அவள் பார்க்காமலே சொன்னாள்.

அடுத்த பருவத்துக்கு வேறு கார் பார்க்கப் போவதாக லாக்கி என்னிடம் சொன்னான். டிரெய்லரைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு, கையை ஆட்டிவிட்டுப் போனான். எல்லோரும் கிளம்பியபிறகும் எய்ல்சா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். என்னமோ ஏதோ என்று போய் எட்டிப் பார்த்தேன். சீட் பின்னால் கடைசிவரை தள்ளியிருந்தது, கால் பெடலுக்கு எட்டவில்லை. கடைசியாக ஓட்டியவன் அவன் அல்லவா? அடியில் கம்பியைத் தேடிப் பிடித்து, சீட்டை நாலு தடவை முன்னால் இழுத்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

“சரியா உக்காந்துடுச்சு” என்றாள். “இனிமே இதைத் தொட வேண்டாம்.”

வண்டியைக் கிளப்பினாள். நான் போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.